கண்ணீர் வந்தது, கதிரை வரவில்லை

1. நடுவில் நிற்கும் வேலை

மெல்பேர்னில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு கிரேக்கப் பெண்ணுக்கும் ஒரு துருக்கிப் பெண்ணுக்கும் நடுவில் நிற்பது.

வேலையின் பெயர் என்னவோ 'ஃபோல்டர்', துணி மடிக்கிறவள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பெரிய லோண்ட்ரி. ஆஸ்பத்திரிகளின் பெட்ஷீட், துவாய், தலையணை உறை எல்லாம் லொறியில் அழுக்காக வந்து இறங்கும், வெள்ளையாகத் திரும்பிப் போகும். ஒரு கோடியில் அழுக்குத் துணி பிரிக்கிற அறை. நடுவில் வோஷிங் மெஷின்கள், ஒவ்வொன்றும் நான் இங்கே சமைத்த முதல் வீட்டுக் குசினி அளவு. மற்றக் கோடியில், சூடான உருளைகளுக்குள் பெட்ஷீட்டை விட்டு எடுக்கிற காலண்டர் மெஷின். அதற்கு அங்கால் எங்கள் மடிக்கிற மேசைகள்.

ஆஸ்பத்திரிப் பெட்ஷீட்டை ஒரு ஆள் தனியே மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். கை கையில் முட்டும், முகம் முகத்துக்கு நேரே வரும். திரும்பப் போய், திரும்ப வர வேண்டும். பிடிக்காத ஆளோடு செய்யவே முடியாத வேலை. கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை பெண்ணுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

எலெனியும் ஃபாத்மாவும் அந்த வேலையைச் சோடியாகச் செய்துவந்தவர்கள். எலெனி கிரேக்கப் பெண், பெரிய உடம்பு, பெரிய குரல். ஃபாத்மா துருக்கிப் பெண், தலையில் துணி கட்டியிருப்பாள், அதிகம் பேச மாட்டாள். நான் சேர்வதற்குக் கொஞ்சக் காலம் முதல், அவர்கள் இரண்டு பேரின் சனத்துக்கும் ஒரு தீவில் சண்டை மூண்டிருந்தது. எலெனியின் மச்சாள் குடும்பம் அங்கே வீட்டை விட்டு ஓடியது. ஃபாத்மாவின் தம்பி அங்கே பட்டாளத்தில் நின்றான். அன்றோடு பெட்ஷீட்டின் இரண்டு முனைகளும் பேச்சை நிறுத்திவிட்டன.

மனேஜர் மிஸ்டர் டோசன் என்னைக் கூட்டி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தினார். ஒரு ஷீட்டை நான் எலெனியோடு மடிக்க வேண்டும், அடுத்ததை ஃபாத்மாவோடு.

"இவ தங்கம். சிலோனில இருந்து வந்தவ. இவவோட ஒருத்தருக்கும் கோவம் இல்லைத்தானே? சரி லவ், தொடங்குங்கோ."

அவர் எல்லாப் பெண்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார். அவருக்கு ட்ராமில் கொண்டக்டர் வேலை. கொஞ்ச நாளில் ட்ராமில் வருகிற வெள்ளைக்காரக் கிழவிகள் அவரையும் 'லவ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. சட்டையை மட்டும் கூடுதலாக அயர்ன் பண்ணச் சொன்னார்.

நாங்கள் லோண்ட்ரியில் பேசியது உடைந்த இங்கிலீஷ், மிச்சம் கை. அதை இங்கே எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நான் சொல்ல மகள் எழுதுகிறாள். "அம்மா, எலெனி யாழ்ப்பாணத் தமிழே கதைச்சவ?" என்று பேனையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். என் காதில் அவள் அப்படித்தான் கதைத்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபாத்மா பிள்ளைத்தாச்சி. மத்தியானத்துக்குள் அவளுடைய கால் சப்பாத்துக்குள் அடங்காமல் வீங்கிவிடும். மடிக்கிற பகுதியில் உட்கார ஒரு கதிரை இல்லை. போடக் கூடாது என்பது லோண்ட்ரிச் சட்டம். ஃபாத்மா ஒரு நாள் துணிந்து கேட்டாள்.

"கதிரை போட்டா ட்ரொலி எப்பிடிப் போகும், லவ்?" என்றார் டோசன். "நிக்க ஏலாட்டி சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமையோட நிண்டு கொள்ளலாம்."

நின்று கொள்வது என்றால் வேலையை விட்டு நிற்பது. ஃபாத்மாவின் கணவர் கார் ஃபக்டரியில் முதுகு முறிந்து வீட்டில் படுத்திருந்தார். பிள்ளை பிறக்கும் வரையாவது அவள் உழைக்காவிட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆகவே ஒரு கதிரையில்தான் அந்தக் குடும்பம் தங்கியிருந்தது.

2. மிஸ் ரூத் கொண்டுவந்த ரெக்கோர்ட்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீனில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். ரீச்சர் மிஸ் ரூத். நீளப் பாவாடை, நீளத் தலைமயிர், எதற்கும் கண் கலங்குகிற பிள்ளை. ஊர்வலம் என்று கேள்விப்பட்டால் போதும், எதற்காக ஊர்வலம் என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்பாள். நாங்கள் ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் இங்கிலீஷுமாக இருப்போம். எலெனி ஒலிவ் காய் தின்று கொட்டையைத் துப்புகிற சத்தத்துக்கு நடுவில்தான் நான் வாரத்தின் ஏழு நாளையும் படித்தேன். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு ஒலிவ் காய் ஞாபகம் வரும்.

ஃபாத்மாவின் காலைப் பார்த்துவிட்டு ரூத்துக்குத் தாங்கவில்லை.

"மனேஜரின்ட மனதை நாங்கள் தொடவேணும்," என்றாள். "மனம் மாறினா சட்டம் தானா மாறும்."

அடுத்த கிழமை ஒரு ரெக்கோர்ட் பிளேயரைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அமெரிக்காவில் கறுப்புச் சனத்தின் உரிமைக்காக ஒரு பாதிரியார் பெருங்கூட்டத்துக்கு முன்னால் பேசிய பேச்சு. உலகம் முழுக்கத் தெரிந்த பேச்சாம். மிஸ்டர் டோசனையும் வகுப்புக்கு வரச் சொல்லி அழைத்திருந்தாள். அவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதவோரம் சாய்ந்து நின்றார்.

ஊசி கீறுகிற சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

எனக்கு விளங்கிய சொற்கள் கையளவுதான். ஆனால் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று விளங்கியது. சுமையோடு படி ஏறுகிறவர் மாதிரி மெதுவாகத் தொடங்கினார். பிறகு ஒரே தொடக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் புதிதாக ஒன்றை வைத்தார். சனம் அங்கங்கே குரல் கொடுத்தது. எங்களில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்கள் இதைத்தான் செய்வார்கள். ஒரே விளிப்பில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு புது இழப்பை வைப்பார்கள். சுற்றி இருக்கிறவர்கள் கூடச் சேர்ந்து இழுப்பார்கள். செத்தவர் யார் என்று தெரியாமல் வழியில் போகிறவர்கூட நின்று அழுதுவிட்டுத்தான் போவார். ஆனால் ஒப்பாரி போனதைப் பாடும். இவர் இனி வர வேண்டியதைப் பாடினார்.

"இவர் ஆரிட்டப் பழகினவர்?" என்று ரூத்திடம் கேட்டேன்.

"கோயில்லதான், தங்கம். பாதிரிமார் அப்பிடித்தான் பேசுவினம்."

எலெனிதான் முதலில் அழுதாள். சத்தமில்லாமல் அழத் தெரியாதவள் அவள். கன்ரீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன நினைத்து அழுதாளோ, மச்சாளின் வீட்டை நினைத்தாளோ. பக்கத்து மேசையில் இருந்த ஃபாத்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏப்ரன் பைக்குள் கை விட்டு ஒரு சின்னத் துவாயை எடுத்து, எலெனியைப் பார்க்காமலே நீட்டினாள். எலெனியும் ஃபாத்மாவைப் பார்க்காமலே வாங்கி மூக்கைச் சிந்தினாள். ஆஸ்பத்திரித் துவாய். அப்போதுதான் துவைத்து மடித்தது.

அன்று பின்னேரம் முதல் பெட்ஷீட் மெஷினை விட்டு வந்தபோது, எலெனி ஒரு முனையைப் பிடித்தாள். மற்ற முனையை நான் எடுக்கப் போனேன். அதற்குள் ஃபாத்மா எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் இழுத்தார்கள், உதறினார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். நடுவில் நான் ஒரு தூண் மாதிரி நின்று கொண்டிருந்தேன்.

"தள்ளு தங்கம், வழியில நிக்காத," என்றாள் எலெனி.

பேச்சுக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மத்தியானத்தில் என் வேலையே போய்விட்டது.

3. மிஸ்டர் டோசன் அழுகிறார்

எங்களை விடக் கூடுதலாக அழுதது மிஸ்டர் டோசன்தான். அதை நான் சொல்லாமல் விட்டால் அநியாயம். தேத்தண்ணி ஆறிப்போக, கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ரெக்கோர்ட் முடிந்ததும் ரூத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். என் கை அவருடைய கண்ணீரால் ஈரமானது.

ரூத் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். எலெனி பின்னேரமே மேசைக்குப் பக்கத்தில் சாணால் அளந்து, கதிரையை எந்த இடத்தில் வைக்கலாம் என்று பார்த்தாள். "சுவர்ப் பக்கம் எனக்கு," என்று இடமும் பிடித்துவிட்டாள்.

அடுத்த நாள் கதிரை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஃபாத்மா ஏலாமல் ஒரு துணித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்தாள்.

"எழும்புங்கோ லவ், எழும்புங்கோ," என்று கை தட்டிக்கொண்டு வந்தார் டோசன்.

எலெனி இடுப்பில் கை வைத்தாள். "மிஸ்டர் டோசன், அண்டைக்கு நீங்கள் அழுதனீங்கள்தானே?"

"அழாம இருக்கேலுமே! அமெரிக்காவில அந்தச் சனத்தை என்ன பாடு படுத்தியிருக்கினம்! ஆக்களை ஆக்களா மதிக்காம!" அவருக்குத் திரும்பவும் குரல் தழுதழுத்தது. "நாங்கள் இந்த நாட்டில இருக்கிறது எவ்வளவு நல்ல காலம், என்ன? சரி, எழும்புங்கோ, ஃபாத்மா."

அவர் கள்ள மனிதர் இல்லை. அதுதான் பிரச்சினையே. கள்ளராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் தன் கையால் ஒரு டின் பன்றி இறைச்சி தருவார். ஃபாத்மாவுக்கும் தருவார், எனக்கும் தருவார். நாங்கள் இரண்டு பேரும் நன்றி சொல்லி வாங்கி அப்படியே எலெனியிடம் கொடுத்துவிடுவோம். எலெனி அவரை மிக நல்ல மனேஜர் என்று சொன்னது அந்த ஒரு மாதத்தில் மட்டும்தான். அவருக்குத் தூரத்துப் பார்வை நல்ல கூர்மை. கிட்டத்துப் பார்வைதான் குறைவு.

அதோடு நிற்கவில்லை. ரூத்திடம் ரெக்கோர்ட்டை இரவல் வாங்கிப் போய் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டுப் போட்டுக் கேட்டாராம். பாதிப் பேச்சைப் பாடமாக்கிவிட்டார். மேசைகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே நடப்பார். குரலும் நல்ல குரல்தான். ஃபாத்மா வீங்கின காலோடு நிற்பாள், அவர் அவளைத் தாண்டி நடந்துகொண்டே எல்லாரும் சமம் என்பார்.

"ஆளை நிப்பாட்டச் சொல்லு, இல்லாட்டி நான் இந்த ஷீட்டைச் சுத்திக் கட்டிப் போடுவன்," என்றாள் எலெனி.

வீட்டில் வந்து என் கணவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, அந்தப் பாதிரியாரின்ட பேச்சு எங்கட மனேஜரிட்டப் பலிக்கேல்லை."

அவருக்கு அந்தப் பேச்சு தெரியும். பேப்பரில் வாசித்திருக்கிறார். "பேச்சைக் குறை சொல்லாதேயும்," என்றார். "அவருக்குப் பின்னால அத்தினை சனம் வேலை வெட்டியை விட்டிட்டு வந்து நிண்டது. அடி வாங்கின சனம், ஜெயிலுக்குப் போன சனம். அதுகள் நிண்டபடியாத்தான் அரசாங்கம் காது குடுத்தது. உங்கட மனேஜருக்கு முன்னால ஆர் நிண்டது?"

"நாங்கள் எல்லாரும் காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் நிக்கிறம். நிக்கிறதுதானே பிரச்சினை!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னதையே நான் திரும்ப யோசித்தேன்.

4. நிலத்தில் இருக்கிறது

அடுத்த நாள் காலமை டிரையரில் இருந்து ஒரு மலை துவாய் வந்தது. துவாயும் தலையணை உறையும் மடிக்கச் சோடி தேவையில்லை, மேசையும் தேவையில்லை. வீட்டில் நான் அவற்றை எப்படி மடிப்பேன்? நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துதான். அதே மாதிரி இரண்டு சுத்தமான பெட்ஷீட்டை மேசைக்குக் கீழ் ஓரமாக விரித்தேன். ட்ரொலி போகிற பாதையை விட்டுவிட்டு இருந்தேன். ஃபாத்மாவின் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் இருத்தினேன். அவளுக்கும் நிலத்தில் இருப்பது பழக்கம்தான். காலை நீட்டிவிட்டு ஒரு மூச்சு விட்டாள் பாருங்கோ, காலண்டர் மெஷின் நின்ற மாதிரி இருந்தது.

டோசன் வந்தார். முதலில் எங்களைக் காணவில்லை. பிறகு கீழே பார்த்தார்.

"இதென்ன, பிக்னிக்கோ?"

"இல்லை மிஸ்டர் டோசன். துவாய்."

"எழும்புங்கோ, லவ். சட்டம் தெரியும்தானே?"

"தெரியும். கதிரை போடக் கூடாது," என்றேன். "நாங்கள் போடேல்லை. ட்ரொலியை விட்டுப் பாருங்கோ, போகும்."

அவர் உண்மையாகவே ஒரு ட்ரொலியைத் தள்ளிப் பார்த்தார். போனது. திரும்பக் கொண்டு வந்தார். திரும்பவும் போனது. நிலத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. இங்கே வேலைக்கு வருகிற பெண்கள் நிலத்தில் இருப்பார்கள் என்று சட்டம் எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

"இண்டைக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நாங்கள் மட்டும் இல்லை, இன்னும் நாலைந்து பேர் நிலத்தில் இருந்தார்கள். கால் நோவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எலெனி மட்டும் இருக்க மாட்டேன் என்று விட்டாள்.

"எங்கட வீட்டில பூனையும் கதிரையிலதான் இருக்கும். நான் என்ன, நிலத்தில இருக்கவோ இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறினனான்?"

ரூத் மத்தியானம் வந்து எங்களைப் பார்த்தாள். கையில் இருந்த புத்தகங்களைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அமெரிக்காவில் கறுப்புப் பிள்ளைகள் தங்களுக்கு மறுத்த சாப்பாட்டுக் கடைகளில் போய் இருந்தார்களாம், எழும்பச் சொல்லியும் எழும்பவில்லையாம். "நீங்களும் அதைத்தான் செய்யிறியள், தங்கம்! உங்களுக்குத் தெரியுமோ?"

"நான் துவாய் மடிக்க இருந்தனான், பிள்ளை," என்றேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கதையை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் தலையில் சீனியும் சோஸும் ஊற்றினார்களாம். எங்கள் தலையில் ஒருவரும் ஒன்றும் ஊற்றவில்லை. அதற்காகவாவது நாங்கள் கொஞ்சம் துணியலாம் என்று பட்டது.

பொறுமை போய் டோசன் எல்லாரையும் கூப்பிட்டார். "புதன்கிழமை ஆஸ்பத்திரி மேட்ரன் லோண்ட்ரியைப் பார்க்க வாறா. அண்டைக்கு ஒருத்தரும் நிலத்தில இருக்கப்படாது. இருக்கிற ஆள் வியாழக்கிழமை வர வேண்டாம்."

ஃபாத்மாவின் முகம் வெளிறிவிட்டது. "எனக்காக ஒருத்தரும் ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றாள் மெல்ல.

"ஆர் சொன்னது உனக்காக எண்டு? எனக்கும் ரெண்டு கால் இருக்கு," என்றாள் எலெனி. அவளுடைய கண் டோசன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. "புதன்கிழமை மேட்ரன் வாறா எண்டு எங்களுக்கு இவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. என்ன நல்ல மனுசன்!"

5. புதன்கிழமை

ரூத்துக்குப் பயம் பிடித்துவிட்டது. நாங்கள் எல்லாரும் வேலை இழந்தால் தன்னால்தான் என்று நினைத்தாள். "மேட்ரனுக்கும் ரெக்கோர்ட்டைப் போட்டுக் காட்டுவம்," என்று கெஞ்சினாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றாள் எலெனி. "அவவும் அழத் தொடங்கினா துவாய் காணாது."

புதன்கிழமை காலமை நாங்கள் எல்லாரும் நின்றபடிதான் வேலை தொடங்கினோம். மேட்ரன் வந்ததும் நிலத்தில் இருப்பது என்று பேச்சு. ஆனால் யார் முதலில் இருப்பது என்று பேசவில்லை. மேட்ரன் வெள்ளைச் சப்பாத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். டோசன் அன்று டை கட்டியிருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கிறோம், ஒருவரும் மடங்கவில்லை. நானும் கீழே போகவில்லை. போன மாதம்தான் தவணைக்கு ஒரு ஃபிரிட்ஜ் எடுத்தோம். அந்த ஃபிரிட்ஜின் கதவு என் கண்ணுக்கு முன்னால் திறந்து திறந்து மூடியது.

அப்போது 'ஓஹ்' என்று ஒரு முனகல். பார்த்தால் எலெனி. மேட்ரன் வருகிறாள் என்று புது ஸ்டொக்கிங் போட்டு வந்தவள், மேசையைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாக நிலத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். முழுக்க இறங்கினதும் ஒரு துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு கோணலாக இருந்தது. அதற்குப் பிறகு நான் இருந்தேன், ஃபாத்மா இருந்தாள், வரிசையாக எல்லாரும் இருந்தார்கள். நிலம் முழுக்கப் பெண்களும் வெள்ளைத் துவாயும்.

மேட்ரன் வந்து நின்றாள். எங்களைப் பார்க்கவில்லை. துவாயைப் பார்த்தாள்.

"மிஸ்டர் டோசன், என்ர துவாய் ஏன் நிலத்தில கிடக்குது?"

"நிலத்தில இல்லை, மேட்ரன். விரிப்புக்கு மேல."

"விரிப்பு எதுக்கு மேல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நிலத்துக்கு மேல."

"இதை ஒப்பரேஷன் முடிஞ்ச ஆளுக்கு நான் குடுக்கிறதோ? இவையள் ஏன் கீழ இருக்கினம்?"

டோசன் டையின் முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். அத்தனை பேச்சைப் பாடமாக்கின மனிதர்!

"கதிரை இல்லை, மேடம்," என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. ஃபாத்மா.

மேட்ரன் திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு டோசனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "திங்கக்கிழமைக்கிடையில உயரக் கதிரையள் வந்திருக்க வேணும். இல்லாட்டி என்ர துணி வேற லோண்ட்ரிக்குப் போகும்."

அவள் ஃபாத்மாவுக்காகச் சொன்னாளோ, துவாய்க்காகச் சொன்னாளோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுக்குமாக என்றே வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்தோம். ஒருவரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. எலெனிக்கு மட்டும் இடுப்புப் பிடித்துவிட்டது.

6. மிஸ்டர் டோசனின் பேச்சு

கதிரைகள் வந்தன. உயரமானவை, முதுகுச் சாய்வோடு. ட்ரொலியும் போனது. ஃபாத்மா ஏறி இருந்ததும் எலெனி அவளுடைய காலுக்குக் கீழே கவிழ்த்த தொட்டியைத் தள்ளி வைத்தாள்.

அன்று ஸ்மோகோ நேரத்தில், அதுதான் இந்த நாட்டில் காலமைத் தேத்தண்ணி நேரம், டோசன் கன்ரீனில் எல்லாரையும் கூட்டினார். மடிக்கிறவர்கள், மெஷின்காரர், அழுக்குத் துணி அறைப் பெண்கள், அன்றைக்கென்று காலமையே வரச் சொல்லியிருந்த ரூத், எல்லாரும். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"அந்தப் பாதிரியாரின்ட பேச்சைக் கேட்ட நாள் என்ர மனம் மாறிச்சு," என்றார். "என்ர கண்ணைத் திறந்தது அந்தப் பேச்சுத்தான். அதின்ட பலன்தான் இந்தக் கதிரையள்."

பொய் சொல்கிறார் என்று நினைக்காதேங்கோ. கண் கலங்கிச் சொன்னார். திங்கட்கிழமைக்கிடையில் தன் மனதில் எல்லாவற்றையும் அப்படி மடித்து அடுக்கிவிட்டார், மனுசன். ரூத் எழும்பி நின்று கை தட்டினாள். அவளுக்கும் கண்ணீர். எலெனியின் கழுத்து சிவந்து வந்தது. மேட்ரன், துவாய், தன் இடுப்பு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்ட வாய் திறந்தாள். ஃபாத்மா அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே எழும்பினாள்.

"ஓம், மிஸ்டர் டோசன். நல்ல பேச்சு. உங்களுக்கு நல்ல மனம்."

அவர் முகம் பூத்துவிட்டது. "நன்றி, லவ்."

"அழுக்குத் துணி அறையில நிக்கிறவைக்கு எப்ப கதிரை வரும்?"

கோப்பை அவருடைய வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அந்த அறைக்கு மேட்ரன் போவதில்லை. அங்கே நிலத்தில் இருக்கவும் முடியாது, இருக்கிற மாதிரி நிலம் அது இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களை யாரும் எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை. இப்போது அவர்கள் எல்லாரும் டோசனைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். ரூத் கை தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கண் திறந்துவிட்டது என்று இப்போதுதான் இத்தனை பேருக்கு முன்னால் சொன்னவர் அதை எப்படி மூடுவார்?

"வெள்ளிக்கிழமை," என்றார் மெல்ல.

"எத்தினை மணிக்கு?" என்றாள் எலெனி.

கதிரைகள் வெள்ளிக்கிழமை வந்தன. ஃபாத்மா பிள்ளை பிறக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முதல் வரைக்கும் இருந்தே வேலை செய்தாள். பெண் பிள்ளை. தொட்டில் துணி எலெனி தைத்தாள்.

மகள் கேட்கிறாள், "அப்ப அம்மா, அந்தப் பேச்சு பெரிசோ, நீங்கள் நிலத்தில இருந்தது பெரிசோ?" எனக்கு அப்படித் தராசு பிடிக்கத் தெரியாது. பேச்சு இரண்டு பேரைச் சேர்ந்து பெட்ஷீட் மடிக்க வைத்தது. சேர்ந்திருக்காவிட்டால் எலெனி அன்றைக்கு ஃபாத்மாவுக்காக நிலத்தில் இறங்கியிருக்க மாட்டாள். ஆனால் முதல் கதிரையைப் பேச்சு கொண்டு வரவில்லை. அதை நாங்கள் இருந்துதான் எடுத்தோம்.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மேலதிகாரி ஒரு நல்ல பேச்சைக் கேட்டு அழுதால், அதை நம்பி வீட்டுக்குப் போய்ப் படுக்காதேங்கோ. ஆனால் ஒரு நாள் அவர் சபையில் எழும்பி, தன் மனம் மாறிவிட்டது என்று சொன்னால், எப்போது மாறியது, யாரால் மாறியது என்று ஆராயவும் போகாதேங்கோ. நல்லா கை தட்டுங்கோ. தட்டிவிட்டு, அவருடைய தேத்தண்ணி ஆறுகிறதுக்குள் அடுத்ததைக் கேளுங்கோ.